ஞாயிற்றுக்கிழமை அண்ணா

மைசூர் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டின் பின்வாசலுக்கு எதிரே ஒரு காபி கிளப் இருந்தது. ராயர் கிளப் என்பார்கள். அதில் திருநாராயணன் ஒன்பது வருஷமாகப் பரிமாறிக்கொண்டிருந்தான். சாப்பிட வருகிறவர்களில் ஒருவருக்கும் அவன் பெயர் தெரியாது. எல்லோருக்கும் அவன் மாணி.

மைசூர் ஓட்டல்களில் பரிமாறுகிறவன் யாராக இருந்தாலும் மாணிதான். பூணூல் போட்ட சின்னப் பையன் என்று அர்த்தம். 1933-இல் திருநாராயணனுக்கு முப்பத்தொரு வயது. முன்நெற்றியில் முடி ஏற ஆரம்பித்திருந்தது. ஆனாலும் வக்கீல்கள் விரலைச் சொடுக்கி "மாணி" என்பார்கள், காலேஜ் பையன்கள் "மாணீ..." என்று பாட்டாக இழுப்பார்கள். கொள்ளேகாலத்திலிருந்து புளி மூட்டைகளோடு வரும் வியாபாரி லிங்கப்பன் மட்டும், "சாமி, காபி நல்லாச் சூடா இருக்கோணுங்க" என்பார். பதிலுக்கு இவன் ஆண்கள் எல்லோரையும் "ராயரே" என்பான், பெண்கள் எல்லோரையும் "அம்மா" என்பான். எட்டு வயதுப் பெண் வந்தாலும் அம்மாதான். அது வாய்க்குப் பழகிய சொல். அதில் மனசு எதுவும் கிடையாது.

மேல்கோட்டையில் கோயில் மடைப்பள்ளியில் அவன் அப்பாவுக்கு வேலை. அவருக்குப் பிறகு அது மூத்தவனுக்குப் போயிற்று. இளையவன் ஒரு டிரங்குப் பெட்டியோடு மைசூருக்கு வந்து கிளப் முதலாளி ராயரிடம் சேர்ந்தான். கிளப்பின் மாடியில் இன்னும் நாலு பேரோடு ஓர் அறை. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது. பையன் ஓட்டலில் பரிமாறுகிறான் என்றதும் இரண்டு தடவையும் நின்றுவிட்டது. அவனும் அதற்காகப் பெரிதாக வருத்தப்பட்டதில்லை.

கிளப்பின் உள்பக்கம் பெண்களுக்கென்று திரை போட்ட ஓர் அறை உண்டு. ஒரு சனிக்கிழமை மத்தியானம், கூட்டம் ஓய்ந்த நேரத்தில், இரண்டு பெண்கள் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி நஞ்சம்மா. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், யாருக்கும் பயப்படாதவள், அடிக்கடி வருகிறவள். மற்றவள் புதிது. வெளிறிய நீலப் புடவை. நெற்றியில் ஒன்றும் இல்லை. இருபத்தாறு வயது இருக்கலாம். ஓட்டலுக்குள் கால் வைப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை என்பது அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்ததிலேயே தெரிந்தது.

நஞ்சம்மா சாப்பாடு சொன்னாள். மற்றவள் கன்னடத்தில், "எனக்கு ஒன்றும் வேண்டாம், மோர் போதும்" என்றாள்.

காலையிலிருந்து இருநூறு இலைக்குமேல் பரிமாறிய களைப்பு. அவள் முகத்தைப் பார்த்ததும் திருநாராயணனுக்கு எப்படியோ வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டது.

"சாத்தமுதாவது கொஞ்சம் சாதிக்கட்டுமா?"

அவர்கள் வீட்டில் பரிமாறுவதைச் சாதிப்பது என்பார்கள்; ரசத்தைச் சாத்தமுது என்பார்கள். ஓட்டலில் அதைச் சாரு என்றுதான் சொல்ல வேண்டும். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் நிமிர்ந்தாள். "என்ன சொன்னேள்?" என்றாள், தமிழில்.

"சாரு, அம்மா."

"அதில்லை. முதல்ல சொன்னது."

"சாத்தமுது."

"எங்கம்மா போனப்புறம் அந்தச் சொல்லைக் கேக்கவேயில்லை" என்றாள் அவள். "ஆத்துல இப்போ எல்லாரும் கன்னடந்தான். நீங்க மேல்கோட்டையா?"

அவன் தலையாட்டினான். எந்த வீதி, யார் பிள்ளை என்று கேட்டாள். அவளுடைய தாத்தாவும் அதே ஊர். நஞ்சம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதியவள் இலையை இழுத்துத் தன் முன்னால் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"அப்படின்னா சாதிங்கோ, அண்ணா."

அன்று மற்ற மேஜைகளில் யார் என்ன கேட்டார்கள் என்பதே அவன் காதில் சரியாக விழவில்லை. மாடிக்குப் போன பிறகும் அந்த ஒரு சொல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷத்தில் யாரும் அவனை ஒரு வீட்டு மனிதனாக நினைத்துக் கூப்பிட்டதில்லை.

அவள் பெயர் ஸத்யபாமா. நஞ்சம்மா அவளைப் பாமா என்பாள். பன்னிரண்டு வயதில் கல்யாணம். அடுத்த வருஷமே இன்ஃபுளுயன்ஸா ஜுரத்தில் புருஷன் போய்விட்டான். பெண்ணைத் தலை மழிக்க விடாமல் படிக்க அனுப்பியது அவள் அப்பா. அவரும் போனபின் அண்ணன் கேசவமூர்த்தி வீட்டில் இருந்துகொண்டு, நஞ்சம்மாவின் பள்ளிக்கூடத்திலேயே டீச்சராக இருந்தாள். கேசவமூர்த்தி ஓர் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா, நல்ல மனிதர், மூன்று பெண்களுக்குத் தகப்பன். இதெல்லாம் நஞ்சம்மா வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்குத் தெரிய வந்தது.

சனிக்கிழமைதோறும் அவர்கள் வந்தார்கள். "அண்ணா, இன்னிக்கு என்ன கறியமுது?" என்று அவள் கேட்பாள். அவன் சொல்வான். பத்து வார்த்தை, பன்னிரண்டு வார்த்தை. அதற்குள் திரைக்கு வெளியிலிருந்து "மாணி!" என்று யாராவது கத்துவார்கள். அவன் போய்விடுவான். வெள்ளிக்கிழமை சாயங்காலமே வேட்டியைத் துவைத்துக் காயப்போட ஆரம்பித்தான். கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள்.

ஒரு நாள் அவள், "என்னை அம்மான்னு கூப்பிடாதீங்கோ" என்றாள். "எனக்கு அறுபது வயசு ஆயிட்டாப்பல இருக்கு."

"வேற எப்படிக் கூப்பிடறது?"

அவள் இலையில் வைத்திருந்த உப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நஞ்சம்மாதான், "டீச்சர்னு கூப்பிடுங்க, போதும்" என்று முடித்து வைத்தாள்.

அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. அண்ணா என்ற சொல் இனித்துக்கொண்டிருந்தது போக, உள்ளே எங்கேயோ குத்தவும் ஆரம்பித்திருந்தது. அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு கதவு திறப்பது போலவும், அதே கையால் சாத்தப்படுவது போலவும் இருந்தது. எதிர்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு பெண் அதைவிட மரியாதையாக என்ன கூப்பிட முடியும்?

கூடத்தில் வழக்கமாக உட்காரும் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் திரைக்குப் பின்னால் கேட்கும் பேச்சைக் கவனித்துவிட்டார். "மாணி, உன் தங்கச்சி உள்ளே காத்திருக்கா, ஓடு!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். கூடம் சிரித்தது. அதற்கு அடுத்த வாரம் ராயர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் மேல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா கிளப்புக்குப் பேர் கெடக்கூடாது. உள் அறைக்கு இனிமே நீ போகவேண்டாம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை வேறொருவன் திரைக்குள் போனான். சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்த திருநாராயணனுக்கு அவள் குரல் கேட்டது: "அண்ணா எங்கே? இன்னிக்கு வரலையா?"

"வேற வேலையா இருக்கார்" என்றான் போனவன்.

அதன் பின் அவள் வரவில்லை.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கிளப்புக்கு வாழையிலை வாங்க அவன் மார்க்கெட்டுக்குள் போனபோது, இலைக்காரர்கள் வரிசையில் அவள் கையில் பையோடு நின்றிருந்தாள். இலைக்கட்டு வாங்கும் அவசியம் அவளுக்கு இருந்ததா என்று அவன் கடைசி வரையில் கேட்கவில்லை.

கிளப்புக்குள் என்றால் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். இங்கே அவன் பரிமாறுகிறவன் இல்லை, அவள் சாப்பிட வந்தவளும் இல்லை.

"உடம்பு சௌக்யமா?" என்றான்.

"சௌக்யம்." பிறகு அவளே, "இங்கேயும் அண்ணான்னு கூப்பிடணுமா?" என்றாள்.

அவன் ஓர் இலைக்கட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான் யோசிச்சுத்தான் அந்தச் சொல்லை எடுத்துண்டேன்" என்றாள். "அது இல்லேன்னா அந்த அறைக்குள்ள உங்களோட ரெண்டு வார்த்தை பேசியிருக்க முடியாது. நஞ்சம்மாகூட விட்டிருக்க மாட்டா."

அவன் பல நாளாகத் தனக்குள் வைத்திருந்ததைத் தப்பான இடத்திலிருந்து ஆரம்பித்தான். "உங்க கோத்திரம் என்ன?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எதைக் கேக்கறேள்? நான் பொறந்த கோத்திரமா, போன கோத்திரமா?"

"எதுவானாலும் சரி. எனக்கு யாரும் தடை சொல்ல ஆள் இல்லை. வேற ஊர்ல வேலை கிடைக்கும். எங்கேயும் மனுஷா சாப்பிடத்தானே செய்யறா."

இலைக்காரி விலை சொன்னாள். இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"எங்கண்ணாவுக்கு மூணு பொண்கள்" என்றாள் ஸத்யபாமா. "பெரியவளுக்கு இப்பத்தான் பதினாலு. அத்தை இப்படிப் பண்ணிட்டான்னு தெரிஞ்சா அதுகளை யார் எடுப்பா? எனக்குப் படிப்பும் சோறும் போட்ட ஆத்துக்கு நான் பண்ற கைம்மாறா அது? முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "முடியாதுன்னுதான் சொன்னேன். ஆசை இல்லேன்னு சொல்லலை" என்றாள்.

அவர்கள் நின்றதை யாரோ பார்த்திருக்கிறார்கள். அடுத்த ஜூன் மாதமே அவளுக்குச் சாமராஜநகர் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தது. நஞ்சம்மா கிளப்புக்கு வந்து, இலை போடும்போது தலை நிமிராமல், "திங்கட்கிழமை காலை ரயில்" என்று மட்டும் சொன்னாள்.

ராயரிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு அவன் ஸ்டேஷனுக்குப் போனான். கேசவமூர்த்திக்கு அன்று ஆபீஸ். வழியனுப்ப வந்தது நஞ்சம்மா ஒருத்திதான். அவன் பெட்டியையும் படுக்கையையும் ஏற்றிவிட்டான். தண்ணீர்க் கூஜாவைக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றான். ரயில் ஊதிவிட்டது.

"ஏன்னா, அந்தக் கூஜாவை இப்படிக் கொடுங்கோ" என்றாள் அவள்.

ஏன்னா என்பது அவர்கள் வீடுகளில் பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுகிற சொல். அவள் அம்மா அவள் அப்பாவை ஆயுள் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டாள். அவன் வீட்டிலும் அதேதான். தெரிந்து சொன்னாளா, அவசரத்தில் வந்ததா என்று பார்க்க அவன் முகத்தை உயர்த்தினான். அவள் காது வரையில் சிவந்திருந்தாள். பார்வையை மாற்றவில்லை. கூஜா கை மாறியது. வண்டி நகர்ந்தது. நஞ்சம்மா வேறு பக்கம் திரும்பி எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் தாக்குப்பிடித்தான். பிறகு ஒரு மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டுக்கொண்டு, காலை ரயிலில் சாமராஜநகர் போய் இறங்கினான். பள்ளிக்கூடத்துக்குப் பின் தெருவில் அவள் ஒரு சின்ன வீட்டில் இருந்தாள். அவன் வாசலில் நிற்கும்போதே எதிர்வீட்டுச் சென்னம்மா வெளியே வந்துவிட்டாள். மளிகைக்கடைக்காரர் மனைவி, தெருவில் அவளுக்குத் தெரியாமல் காற்றுகூட வராது.

"யாரும்மா டீச்சர், இவர்?"

ஸத்யபாமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மூச்சு நேரம்தான்.

"எங்கண்ணா. மைசூர்லேருந்து."

"அப்படியா! வாங்கண்ணா, வாங்க!" என்றாள் சென்னம்மா. அந்த நிமிஷத்திலிருந்து தெரு முழுக்க அவன் அண்ணாவாகிவிட்டான்.

எட்டு வருஷம் அப்படிப் போயிற்று. மாதக் கடைசி ஞாயிறு காலையில் வருவான். அவள் தளிகை பண்ணி வைத்திருப்பாள். கதவு ஜன்னல் எல்லாம் திறந்தே இருக்கும். பள்ளிக்கூடத்துக் கதைகளை அவள் சொல்வாள்; கிளப் கதைகளை அவன் சொல்வான். கூரையில் ஒழுகும் ஓடுகளை மாற்றினான். கொல்லையில் கருவேப்பிலைக் கன்று வைத்தான். சாயங்கால ரயிலுக்குப் புறப்பட்டுவிடுவான். தெருக்குழந்தைகள் "டீச்சர் அண்ணா, டீச்சர் அண்ணா" என்று முனை வரையில் கூட வரும். ஒரு விரல்கூட அவள்மேல் பட்டதில்லை. அண்ணா என்று அவள் கூப்பிடும்போது இரண்டு பேருமே வேறு எங்கேயாவது பார்த்துக்கொள்வார்கள். ரயிலில் திரும்பும்போது நஞ்சன்கூடு ஆற்றுப்பாலம் வரும் வரையில் அவன் யாரோடும் பேச மாட்டான்.

கேசவமூர்த்தியின் பெண்களுக்கு ஒவ்வொருத்தியாகக் கல்யாணம் ஆயிற்று. கடைசிப் பெண்ணின் கல்யாணச் செய்தியைச் சொன்ன அன்று ஸத்யபாமா மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தடவை ரயிலில் அவன் முதன்முறையாக ஷிமோகாவில் வேலை விசாரிக்க வேண்டும் என்று நினைத்தான்.

அதற்குள் 1943-இல் கேசவமூர்த்திக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. மனைவி இரண்டு வருஷம் முன்பே போய்விட்டாள். மாப்பிள்ளைகள் வீட்டில் இருக்க அவருக்கு இஷ்டமில்லை. தங்கையிடம் வந்து சேர்ந்தார். அவள் அதைத் திருநாராயணனுக்கு எழுதிப் போட்டாள். யுத்த காலம், கடிதம் வந்து சேரவில்லை. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஒன்றும் தெரியாமல் திருநாராயணன் வழக்கம்போல் பலாச்சுளைப் பொட்டலத்தோடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினான்.

உள்ளே ஈஸிசேரில் ஒரு பெரியவர் சாய்ந்திருந்தார். சென்னம்மா அவருக்குக் கஷாயம் கொண்டுவந்திருந்தாள். இவனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"பாருங்க, உங்க தம்பியும் வந்துட்டார்! இத்தனை வருஷமா மாசம் தவறாம வர்ற அண்ணா. நீங்க மூத்தவர் இருக்கீங்கன்னு டீச்சர் சொல்லவேயில்லையே!"

சமையலறை வாசலில் ஸத்யபாமா நின்றாள். அவள் கையில் கரண்டி இருந்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கேசவமூர்த்தி முன்பின் இவனைப் பார்த்ததில்லை. தங்கையைப் பார்த்தார், வாசலில் நிற்கிறவனைப் பார்த்தார், பலாச்சுளைப் பொட்டலத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் கோணிய வாயை மெதுவாகத் திறந்தார்.

"வா, தம்பி" என்றார். "ரயில் லேட்டா?"

திருநாராயணன் உள்ளே வந்து அவர் காலருகே உட்கார்ந்துகொண்டான்.

அதற்குப் பின் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு வர ஆரம்பித்தான். அவரைக் குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, தெரு முனை வரை நடத்திப் போவது எல்லாம் அவன்தான். அவர் அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் ஸத்யபாமா பள்ளிக்கூட விழாவுக்குப் போயிருந்தபோது, அவன் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கையில் அவராக ஆரம்பித்தார்.

"அந்த மாற்றல் நான் பண்ணினதுதான். மார்க்கெட்டுல உங்களைப் பார்த்தவன் என்கிட்டதான் வந்து சொன்னான். தெரிஞ்சவா ஒருத்தரைப் பிடிச்சேன். பொண்கள் மூணும் கல்யாணத்துக்கு நின்னுண்டிருந்தது."

"தெரியும்" என்றான் திருநாராயணன். தெரியாது. ஆனால் அவரை மேலே பேசவிட மனசில்லை.

"அன்னிக்கு நீ வாசல்ல நிக்கறே. அந்தப் பொம்மனாட்டி தம்பிங்கறா. மாப்பிள்ளை வாங்கோன்னு ஒரு க்ஷணம் என் வாய் வரைக்கும் வந்தது. சத்தியமா வந்தது. தைரியம் வரலை." அவருடைய நல்ல கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "தம்பின்னு சொல்லி நானே ஆணி அடிச்சுட்டேன்."

"நீங்க அன்னிக்குச் சொன்னதாலதான் அவ இந்தத் தெருவுல தலைநிமிர்ந்து நடக்கறா" என்றான் அவன். தைலக்கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

கேசவமூர்த்தி 1945 மார்கழியில் போனார். ஆண் பிள்ளை இல்லாதவர். மாப்பிள்ளைகள் வந்து சேரும்வரை எல்லாவற்றையும் முன்நின்று செய்தது திருநாராயணன்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

துக்க வருஷம் முடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அவளிடம் சொன்னான். "ஷிமோகாவுல ஒரு கிளப்புல மேற்பார்வை வேலை இருக்கு. அங்கே நம்மை யாருக்கும் தெரியாது."

அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது. தலைமை டீச்சர் ஆகியிருந்தாள். முன்தலையில் நரை. அவள் வெகு நேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அங்கே நான் யாரா இருப்பேன்னு நெனைச்சுப் பார்த்திருக்கேன்" என்றாள். "எத்தனையோ தடவை. இந்த ஊர் வந்த நாள்லேருந்து. ஆனா இங்கே நாப்பது பொண்கள் இந்த வருஷம் பரீட்சை எழுதப்போறதுகள். அதுல பாதியை நான் வீடு வீடாப் போய்க் கெஞ்சிக் கூட்டிண்டு வந்தது. நான் ஊரை விட்டுப் போய், பின்னாடியே ஒரு பேச்சும் வந்து சேர்ந்தா, அதுகளோட அப்பாக்கள் என்ன பண்ணுவான்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"இன்னும் ரெண்டு வருஷம் பாக்கலாமா?"

"பாக்கலாம்" என்றான் அவன். இரண்டு வருஷம் என்று இரண்டு பேருமே சொல்லிக்கொண்டார்கள். அது இரண்டோடு நிற்காது என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

அவன் ஷிமோகா வேலையை வேண்டாம் என்று எழுதிப்போட்டான். அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அவள் குடையை எடுத்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதன்முறையாக, ஸ்டேஷன் வரையில் கூட வந்தாள். ஒரே குடை. இரண்டு பேருக்கும் பாதி பாதி நனைந்தது. சென்னம்மா வாசலிலிருந்து, "பார்த்துப் போங்க, வழுக்கும்!" என்று கத்தினாள்.

ரயில் அன்று முக்கால் மணி நேரம் தாமதம். பிளாட்பாரத்து பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் ரயில் வராமல் இருந்தால் தேவலை என்று நினைத்தான். அவள் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, நாலாம் வகுப்பில் ஒரு பெண் புத்தகப்பைக்குள் பூனைக்குட்டியை வைத்துக் கொண்டுவந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.